தங்கவயல் கற்றுத் தந்த பாதுகாப்புப் பாடம்

காலையில் பள்ளிக்குப் புறப்படும் குழந்தை மாலையில் நலமாக வீடு திரும்ப வேண்டும் என்பது பெற்றோர் அனைவருக்கும் பொதுவான விருப்பம். அவ்விருப்பம் நிறைவேறாத வீடுகள் நம் நாட்டில் மிகப் பல. 2022-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் மாண்டனர். அவர்களுள் ஏறத்தாழ 9,500 பேர் 18 வயது நிரம்பாதவர்கள். நாளொன்றுக்கு இருபத்தைந்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் என்று கணக்கிட்டுப் பார்த்தால், நாள்தோறும் ஒரு வகுப்பறை வெறுமையாகிறது என்பது விளங்கும். இக்கொடுமையைக் குறைக்கும் வழி யாது? பிள்ளைகளுக்குச் சாலையைப் பற்றிக் கற்பித்தால் போதுமா? அன்றி வேறு ஏதேனும் செய்தல் வேண்டுமா? இவ்வினாக்களை ஓர் ஊரின் வரலாற்றோடு சேர்த்து இங்கு ஆராய முற்படுகிறோம்.

அவ்வூர் கோலார் தங்கவயல். கர்நாடக மாநிலத்தின் கிழக்கெல்லையில், ஆந்திரத்துக்கும் தமிழகத்துக்கும் அருகே அமைந்தது அது. தாயகம் விட்டு வேற்று மாநிலத்தில் குடியேறிய தமிழர் தம் உழைப்பால் எழுப்பிய நகரங்களுள் அதற்குத் தனியிடம் உண்டு. நாள்தோறும் ஆபத்தோடு பழகி, அந்த ஆபத்தை எவ்வாறு தணிப்பது என்பதை நூறாண்டுக்கு மேலாகக் கற்ற ஊர் அது. சாலையில் நடக்கும் நம் பிள்ளைகளுக்கு வேண்டிய பாடமும் அங்கே கிடைக்கிறது.

தங்கவயலின் கதையைச் சுருக்கமாக நினைவுகூர்வோம். 1802-ஆம் ஆண்டில் ஜான் வாரன் என்னும் ஆங்கிலப் படை அலுவலர், மாரிக்குப்பம், உரிகம் ஆகிய ஊர்களைச் சுற்றியுள்ள மண்ணில் பொன் இருப்பதை ஆராய்ந்து எழுதினார். 1871-ஆம் ஆண்டில் அங்கு வந்த லாவல் என்பவர், சில ஆண்டுகளில் மைசூர் அரசிடம் அகழும் உரிமை பெற்றார். 1880-ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் கம்பெனியார் அப்பணியை மேற்கொண்டபின் சுரங்கத் தொழில் வேரூன்றியது. மைசூர், சாம்பியன் ரீஃப், உரிகம், நந்திதுர்க்கம் என்று சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தழைத்தன. வட ஆற்காடு, சேலம், தருமபுரி, சித்தூர் ஆகிய பகுதிகளிலிருந்து உழைப்பாளர் குடும்பம் குடும்பமாக வந்து சேர்ந்தனர். 1894-ஆம் ஆண்டில் பவுரிங்பேட்டையிலிருந்து மாரிக்குப்பம் வரை இருப்புப்பாதை வந்தது. 1902-ஆம் ஆண்டில் சிவசமுத்திரத்திலிருந்து 92 மைல் தொலைவைக் கடந்து மின்சாரமும் வந்தது.

அக்காலத்துத் தங்கவயல் பெரும்பாலும் கால்நடையாகச் செல்வோரின் ஊராகவே இருந்தது. சுரங்க வாயைச் சுற்றி 'லைன்' எனப்படும் தொழிலாளர் குடியிருப்புகள் வரிசை வரிசையாக அமைந்தன. வேலை முறை மாறும் நேரத்தில் சங்கு ஊதும். ஒரு கூட்டம் சுரங்கம் நோக்கிச் செல்லும், மற்றொரு கூட்டம் வீடு நோக்கித் திரும்பும். சாலையில் இயங்கியவற்றுள் மிகுதியானவை மாட்டுவண்டியும் குதிரைவண்டியும் மிதிவண்டியுமே. அங்கே மக்கள் அஞ்சிய ஆபத்து வீதியில் இருக்கவில்லை. காலடியில், பூமியின் ஆழத்தில் இருந்தது.

அவ்வாபத்துகளுள் கொடியது பாறைவெடிப்பு. பொன் தாங்கிய கல்லைத் தோண்டி எடுக்க எடுக்க, எஞ்சிய பாறையின்மேல் அழுத்தம் பெருகுகிறது. ஓர் எல்லைக்கு மேல் தாங்கமாட்டாமல் அது வெடித்துச் சிதறுகிறது. தங்கவயல் மக்கள் இதனை 'ஏர் பிளாஸ்ட்' என்றே வழங்கினர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே இது அங்கே தொடங்கிவிட்டது. பெரிய வெடிப்பு நேரும்போது நிலநடுக்கம் போல மேலே உள்ள வீடுகளும் அதிரும். உள்ளே வேலைக்குச் சென்றவர் எந்த நிலையில் இருக்கிறாரோ என்று வீட்டார் கலங்கும் நேரம் அது.

தங்கவயலின் முதற்பாடம் இங்கே தொடங்குகிறது. பாறைவெடிப்பிலிருந்து தப்பத் தொழிலாளியின் எச்சரிக்கை மட்டும் போதுமானதா? எத்துணை விழிப்புடையவனாயினும், தலைமேல் உள்ள பாறை வெடிக்கும் கணத்தை அவனால் முன்னறிய இயலாது. ஆகவே பொறியாளர்கள் வேறு வழிகளைத் தேடினர். 1912-ஆம் ஆண்டில் நில அதிர்வைப் பதியும் கருவி ஒன்றை அங்கே நிறுவினர். எந்த இடத்தில், எப்பொழுது வெடிப்பு நேர்கிறது என்று குறித்துவைக்கும் வழக்கம் தோன்றியது. மரத்தூண்கள் தாங்காத இடங்களில் கருங்கல்லை அடுக்கி வெற்றிடங்களை நிரப்பினர். பின்னாளில் கான்கிரீட்டும் பயன்பட்டது. கல்லை எந்தப் பக்கத்திலிருந்து எடுப்பது, எப்பகுதியை முதலில் விடுவது என்னும் வேலை முறையையே மாற்றியமைத்தனர். சுருங்கச் சொன்னால், மனிதனுக்கு எச்சரிக்கை கற்பித்ததோடு நில்லாமல், அவன் நின்று வேலை செய்யும் இடத்தையும் திருத்தினர். விபத்து முற்றும் ஒழிந்துவிடவில்லை. ஆயினும் 3 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழம் வரை மனிதர் சென்று மீள முடிந்ததற்கு இம்முறை ஒரு முக்கியக் காரணமாகும். பாறை இயலை ஆராயும் தேசிய நிறுவனம் 1988-ஆம் ஆண்டில் தங்கவயலிலேயே தொடங்கப்பட்டதும் இவ்வரலாற்றின் தொடர்ச்சியே.

இரண்டாவது பாடம் பழக்கத்தைப் பற்றியது. சுரங்கத்தில் ஆட்களை ஏற்றி இறக்கும் கூண்டுக்கு மணியோசையே மொழி. நிறுத்து, ஏற்று, இறக்கு, உள்ளே ஆட்கள் இருக்கின்றனர் என்று ஒவ்வொன்றுக்கும் இத்தனை மணி என்னும் கணக்கு உண்டு. தமிழர், தெலுங்கர், கன்னடர், ஆங்கிலேயர் என்று பலமொழி பேசுவோர் கூடி உழைத்த இடத்தில் அம்மொழி அனைவருக்கும் பொதுவாக இருந்தது. புதிதாக வந்தவன் அதனை ஏட்டில் படித்துக் கற்கவில்லை. மூத்தவன் அருகில் நின்று, நாள்தோறும் கேட்டு, கைப்பழக்கமாகும் வரை பயின்றான். ஆபத்து வேளையில் உதவுவது ஏட்டறிவன்று, இரத்தத்தில் ஊறிய பழக்கமே என்பதைச் சுரங்கம் நன்கு அறிந்திருந்தது.

இனி அவ்வூரின் பிற்காலத்தைக் காண்போம். சுரங்கங்கள் 1956-ஆம் ஆண்டில் மைசூர் மாநில அரசின் உடைமையாயின. 1962-இல் மத்திய அரசின் வசம் சென்றன. 1972-இல் பாரத் கோல்டு மைன்ஸ் என்னும் நிறுவனம் உருவாயிற்று. ஆழம் மிகுந்தது, கல்லில் பொன்னின் அளவு குறைந்தது, செலவு ஏறியது. 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. சங்கொலி ஓய்ந்தது. வேலையிழந்தவர்களும் அவர்தம் மக்களும் பிழைப்பை நாடி வெளியூர் செல்ல நேர்ந்தது. மாரிக்குப்பத்திலிருந்து புறப்படும் இரயில்களில் ஆயிரக்கணக்கானோர் நாள்தோறும் ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெங்களூருக்குச் சென்று உழைத்து, இரவில் வீடு திரும்பும் வாழ்க்கை வேரூன்றியது.

இம்மாற்றத்தோடு ஆபத்தும் இடம் மாறியது. விடியற்காலை இரயிலைப் பிடிக்க விரையும் இருசக்கர வாகனங்கள், பிள்ளைகளை நெருக்கி அடைத்துச் செல்லும் ஆட்டோக்கள், குறுகிய கடைவீதியில் நுழையும் பேருந்துகள் என்று தெருவின் தன்மையே வேறாயிற்று. நடப்போருக்காக அமைந்த வீதிகளில் மோட்டார்கள் நிறைந்தன. 2024-ஆம் ஆண்டின் இறுதியில், பெங்களூர்–சென்னை விரைவுச்சாலையின் கர்நாடகப் பகுதி, ஹொசகோட்டை முதல் பேத்தமங்கலம் வரை ஏறத்தாழ 71 கிலோமீட்டர், போக்குவரத்துக்குத் திறக்கப்பட்டது. இருசக்கர வாகனங்களுக்கு அதில் இடமில்லை; கால்நடையாகச் செல்வோருக்கும் இடமில்லை. இவ்விதியை அதன் இருமருங்கிலும் உள்ள ஊர்களின் பிள்ளைகள் தெளிவாக அறிந்திருத்தல் வேண்டும். பாட்டன் காலத்தில் பூமிக்கடியில் இருந்த ஆபத்து, பேரன் காலத்தில் பள்ளி வாசலுக்கு வந்துவிட்டது என்பது மிகையன்று.

இது தங்கவயலுக்கு மட்டும் நேர்ந்ததன்று. மோட்டார் வண்டி புகுந்த நாடுகள் யாவும் இவ்வழியே வந்தன. அவை என்ன செய்தன என்று பார்த்தல் நமக்குப் பயன் தரும்.

பிரிட்டனில் 1951-ஆம் ஆண்டில், சாலையின் குறுக்கே கறுப்பும் வெள்ளையுமான பட்டைகளை இட்டு, அங்கே நடப்போருக்கே முதலுரிமை என்று விதித்தனர். இன்று நம் ஊர்களில் காணும் வரிக்குதிரைக் கடவைக்கு அதுவே தோற்றுவாய். 1953-ஆம் ஆண்டில், பள்ளியருகே வண்டிகளை நிறுத்திப் பிள்ளைகளைக் கடத்திவிடும் காவலருக்குச் சட்டத்தின் துணை கிடைத்தது. அதே ஆண்டில் டஃப்டி என்னும் அணில் ஒன்றைப் படைத்து, அதன் கதைகள் வாயிலாகச் சின்னஞ்சிறுவருக்குச் சாலை ஒழுக்கம் கற்பித்தனர். கதை கேட்டு வளர்ந்த பிள்ளைகள் பல்லாயிரவர். கதையின் வழியே கற்பிப்பது நம் பாட்டிமார் அறிந்த முறைதானே!

சுவீடனில் ஸ்டினா சாண்டல்ஸ் என்னும் அறிஞர், சிறு குழந்தைகள் சாலையில் எவ்வாறு நடந்துகொள்கின்றனர் என்று பல்லாண்டு ஆராய்ந்தார். அவர் கண்ட முடிவு பெரியோரைத் திடுக்கிடச் செய்வது. குழந்தை குள்ளமானவன், நிற்கும் காருக்கு அப்பால் வருவதை அவனால் காண இயலாது. ஓசை எத்திசையிலிருந்து வருகிறது என்று தெளியான். வரும் வண்டியின் வேகத்தையும் தொலைவையும் கணிக்கும் ஆற்றல் அவனுக்கு இன்னும் முதிரவில்லை. உருண்டோடும் பந்தைக் கண்டால் மற்றெல்லாம் மறந்துவிடும். எனவே எத்துணைக் கற்பித்தாலும், சிறு குழந்தையைப் போக்குவரத்துக்கு முழுமையாகப் பொருந்தச் செய்ய இயலாது என்றார் அவர். பாறை வெடிக்கும் கணத்தை அறியாத தொழிலாளியின் நிலையும் இதுவே அல்லவா?

நெதர்லாந்து இப்பாடத்தைத் துயரத்தின் வழியே கற்றது. 1971-ஆம் ஆண்டில் அச்சிறு நாட்டின் சாலைகளில் 3,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் 400-க்கும் மேற்பட்டோர் குழந்தைகள். மகளை இழந்த பத்திரிகையாளர் ஒருவர் 1972-ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரையிலிருந்து, 'குழந்தைக் கொலையை நிறுத்துக' என்னும் மக்கள் இயக்கம் பிறந்தது. பெற்றோர் வீதியில் இறங்கினர். குடியிருப்புத் தெருக்களில் வண்டிகள் நடைவேகத்திலேயே செல்லுமாறு தெருக்களையே திருத்தியமைத்தனர். இன்று அந்நாட்டுப் பிள்ளைகள் அச்சமின்றி மிதிவண்டியில் பள்ளி செல்கின்றனர்.

நம் நாட்டிலும் துயரமே சட்டத்தை முந்தியது. 1997-ஆம் ஆண்டு நவம்பரில் டெல்லியில் பள்ளிப் பேருந்து ஒன்று யமுனையில் வீழ்ந்து பிள்ளைகள் பலர் மாண்டனர். அதனையொட்டி உச்ச நீதிமன்றம் பள்ளிப் பேருந்துகளுக்கு மஞ்சள் நிறம், வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, அனுபவமுள்ள ஓட்டுநர், உடன்செல்லும் உதவியாளர் முதலிய நெறிகளை வகுத்தது. 2012-ஆம் ஆண்டில் சென்னையை அடுத்த சேலையூரிலுள்ள பள்ளி ஒன்றின் பேருந்துத் தளத்திலிருந்த ஓட்டை வழியே ஒரு சிறுமி விழுந்து உயிரிழந்தாள். அவ்வாண்டிலேயே தமிழ்நாட்டில் பள்ளிப் பேருந்துகளுக்கென்று தனி விதிகள் பிறந்தன. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ஆம் ஆண்டு செய்த திருத்தத்தின்படி, வயது நிரம்பாத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் இழைத்தால், பெற்றோரோ வண்டியின் உரிமையாளரோ 3 ஆண்டு வரை சிறைத்தண்டனையும் 25,000 ரூபாய் அபராதமும் பெற நேரிடும். பிள்ளையின் ஆசைக்கு இணங்கிச் சாவியைக் கையில் கொடுக்கும் தந்தையர் இதனை மனத்திற் கொள்வார்களாக.

இனி, பிள்ளைகளுக்கு எதைக் கற்பிப்பது, எவ்வாறு கற்பிப்பது என்பதைக் கூறுவோம். 1989-ஆம் ஆண்டு முதல் ஆண்டுதோறும் சனவரித் திங்களில் சாலைப் பாதுகாப்பு வாரம் கொண்டாடப்பட்டு வந்தது. 2021 முதல் அது ஒரு திங்கள் நிகழ்ச்சியாக விரிந்தது. ஊர்வலமும் ஓவியப் போட்டியும் கட்டுரைப் போட்டியும் நடைபெறுகின்றன. நல்லனவே. ஆயினும் கட்டுரையில் முதற்பரிசு பெற்ற மாணவன், பள்ளி வாசலைக் கடந்ததும் எதிரே வரும் வண்டியைக் காணாமல் ஓடுவதும் உண்டு. கூண்டின் மணிக்கணக்கைப் போன்று, சாலை ஒழுக்கமும் நின்று நடந்து பழகியே கைவர வேண்டும். ஆசிரியர் பிள்ளைகளைச் சிறு சிறு குழுவாகப் பள்ளியருகே உள்ள தெருவுக்கே அழைத்துச் சென்று பயிற்றுதல் வேண்டும்.

பயிற்ற வேண்டியவை மிகப் பலவல்ல. நடைபாதை உள்ள இடத்தில் அதிலேயே நடத்தல். இல்லாத இடத்தில், எதிரே வரும் வண்டி கண்ணில் படுமாறு சாலையின் வலப்புறம் நடத்தல். கடப்பதற்கு முன் ஓரத்தில் நின்று, முதலில் வலப்புறமும், பின் இடப்புறமும், மீண்டும் வலப்புறமும் நோக்குதல். பேருந்திலிருந்து இறங்கியதும் அதன் முன்னும் பின்னும் குறுக்கே ஓடாமல், அது அகன்றபின் கடத்தல். பட்டத்தையும் பந்தையும் துரத்திச் சாலையில் இறங்காதிருத்தல். இருசக்கர வாகனத்தில் பின்னால் அமரும் பிள்ளையும் தலைக்கவசம் அணிதல். நான்கு வயதுக்குக் குறைந்த குழந்தையை ஏற்றிச் செல்லும்போது, ஓட்டுநரோடு பிணைக்கும் பாதுகாப்புப் பட்டையும் குழந்தைக்கேற்ற தலைக்கவசமும் வேண்டும் என்றும், வேகம் மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாண்டலாகாது என்றும் மத்திய அரசு 2022-ஆம் ஆண்டில் விதி வகுத்திருக்கிறது.

வேற்று மாநிலத்தில் வாழும் நம் பிள்ளைகளுக்கு மற்றொரு செய்தியும் சொல்லவேண்டும். ஊர்ப்பெயர்ப் பலகைகள் கன்னடத்திலோ இந்தியிலோ மராத்தியிலோ இருக்கலாம். குடியேறிய ஆண்டிலேயே அவ்வெழுத்தைப் படிக்க இயலாமற்போகலாம். ஆனால் சாலைக் குறிகளின் வடிவம் எம்மொழியையும் சாராதது. முக்கோணம் எச்சரிக்கை செய்கிறது. வட்டம் கட்டளையிடுகிறது. எண்கோணச் செந்நிறப் பலகை நிற்கச் சொல்கிறது. சுரங்கத்தின் மணியோசை போன்று இதுவும் அனைவருக்கும் பொதுவான மொழியாகும். வீட்டுச் சுவரிலே இக்குறிகளை வரைந்து வைத்து, விளையாட்டாகவே பிள்ளைகளுக்குப் பழக்கலாம்.

எனினும் இவையெல்லாம் பாதி மருந்தே. சுரங்கத்தில் இடத்தைத் திருத்தியது போலச் சாலையையும் திருத்த வேண்டும். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் ஓட்டுநர், குழந்தையைக் கண்டு காலைத் தடையில் வைக்கும் ஒரு விநாடிக்குள் அவ்வண்டி ஏறத்தாழ 14 மீட்டர் சென்றுவிடும். 30 கிலோமீட்டர் வேகமாயின் 8 மீட்டரளவே செல்லும். அந்த 6 மீட்டர் இடைவெளியில் ஓர் உயிர் பிழைக்கலாம். நடப்போரும் வண்டிகளும் கலந்து இயங்கும் இடங்களில் 30 கிலோமீட்டர் வேகமே எல்லையாதல் வேண்டும் என்று 2020-ஆம் ஆண்டு ஸ்டாக்ஹோமில் கூடிய உலக மாநாடு வற்புறுத்தியது. பள்ளி வாசலில் வேகத்தடை, தெளிவான கடவை, நடைபாதை, பிள்ளைகள் இறங்குவதற்கெனத் தனி இடம் ஆகியவற்றைக் கேட்டுப் பெறுவது பெற்றோரின் கடமை. விபத்து நேர்ந்த இடங்களையும், மயிரிழையில் தப்பிய இடங்களையும் ஆசிரியரும் மாணவரும் ஒரு வரைபடத்தில் குறித்து நகராட்சியிடம் அளிக்கலாம். பாறை எங்கே வெடிக்கிறது என்று குறித்துவைத்த அதே வழிமுறைதான் இது. 'நாம் வெளியூரார், நமக்கேன் இவ்வழக்கு' என்று ஒதுங்குதல் தகாது. வரி செலுத்தி வாழும் ஊர் நம் ஊரே.

அவ்வாறே, விபத்துற்றுக் கிடப்பவரைக் கண்டும் காவல் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் அலைய நேருமோ என்று அஞ்சி விலகிச் செல்வோர் உண்டு. மொழி தெரியாத ஊரில் இவ்வச்சம் இருமடங்காகும். அது இனி வேண்டுவதில்லை. உதவுவோரைத் துன்புறுத்தலாகாது என்னும் நெறிகளுக்கு 2016-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் சட்டவலிமை அளித்தது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தமும் அப்பாதுகாப்பை உறுதி செய்தது. 108 அல்லது 112 என்னும் எண்ணை அழைக்கப் பத்து வயதுப் பிள்ளைக்கும் கற்பிக்கலாம். விபத்துற்றவருக்கு முதல் 7 நாள்களுக்கு 1,50,000 ரூபாய் வரை பணமில்லாச் சிகிச்சை அளிக்கும் திட்டத்தை மத்திய அரசு 2025-ஆம் ஆண்டில் அறிவித்துள்ளது. கையில் பணமின்றி அயலூரில் தவிக்கும் குடும்பத்துக்கு இச்செய்தி பேருதவியாகும்.

தங்கவயலின் தமிழர் இருளில் இறங்கி ஏறத்தாழ 800 டன் பொன்னை இந்நாட்டுக்கு எடுத்துத் தந்தனர் என்று கணக்கிடுகின்றனர். அதனினும் விலைமதிப்புள்ளதொன்று அவர்களுடைய அனுபவத்தில் இருக்கிறது. ஆபத்தை விதியென்று விட்டுவிடலாகாது. மனிதனைப் பழக்க வேண்டும், இடத்தையும் திருத்த வேண்டும் என்பதே அது. நாளைக் காலை நம் பிள்ளை செல்லும் வழியில் ஒருமுறை நாமும் உடன் நடந்து பார்ப்போம். எங்கே கண் மறைகிறது, எங்கே வண்டி விரைகிறது என்று குறித்துக்கொள்வோம். அண்டை வீட்டாரையும் ஆசிரியரையும் கூட்டி அதனைப் பேசுவோம். அப்பணி அங்கிருந்து தொடங்கட்டும்.